பை எந்தப் பக்கம்?

வயிற்றில் பை வரப்போகிறவருக்கு முன்னால், ஏற்கெனவே பை வைத்திருக்கும் ஒருத்தி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய் நிற்பதுதான் என் வேலை.

மலக்குடலில் புற்றுநோய் வந்தால், சிலருக்கு அந்தப் பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதன் பிறகு மலம் அந்த வழியாகத்தான் வரும். அதைப் பிடிக்க வயிற்றுத் தோலின் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆயுசுக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நான். பிழைத்து எழுந்த பிறகு, வேலூரில் எனக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கூப்பிட்டு, 'உங்களை மாதிரி நோயாளிகளோடு வந்து பேசுங்கள்' என்றார்கள். சின்னதாக ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அதில் 'பியர் மென்டர்' என்று போட்டிருக்கிறது. வார்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. 'பை அக்கா வந்துட்டாங்க' என்பார்கள். எஸ்தர் என்கிற பெயர் என் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒரு வார்டில் இரும்புக் கட்டிலில் படுத்தவராகவோ, அதன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவராகவோ இருப்பீர்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, 'தைரியமா இருங்க' என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் நமக்குக் கேட்கிற மாதிரி அழுகிறவர்களை உங்களுக்கும் தெரியும். நல்லவர்கள்தான். அவர்களை கேட்டிலேயே நிறுத்தி வைக்க ஒரு வாட்ச்மேன் போட்டால் என் வேலை பாதி குறையும்.

போர்வை

என் கையில் இருப்பது ஒரே ஒரு வித்தை. கட்டில் பக்கத்தில் போய் நிற்பேன். 'நான் டாக்டர் இல்லைங்க, நர்ஸும் இல்லை. எனக்கும் உங்களுக்கு வந்த அதே வியாதிதான். எனக்கும் பை இருக்குது. எந்தப் பக்கம் இருக்குது, சொல்லுங்க பாப்போம்' என்பேன். பார்ப்பார்கள். வயிற்றைப் பார்ப்பார்கள், இடுப்பைப் பார்ப்பார்கள், லேசாக மூக்கை உறிஞ்சியும் பார்ப்பார்கள். நான் ஒரு சுற்று சுற்றிக்கூடக் காட்டுவேன். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்கள். தப்பாகச் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அவ்வளவுதான் என் வைத்தியம்.

முருகேசன் அந்த ஆட்டத்துக்கே வரவில்லை. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பதைத் தொடாத வயது. ஆம்பூரில் இன்னொரு ஷூ கம்பெனியில் ஒட்டுகிற செக்‌ஷனில் வேலை. மனைவி வசந்தி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் பரவிவிடும், செய்த பிறகு கீமோவையும் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. இவன், பை கட்டிக்கொண்டு வாழ்வதைவிடப் போய்ச் சேரலாம் என்று, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். வேலூர் வெயிலில், மின்விசிறி சுற்றாத மூலையில், கம்பளிப் போர்வை!

நான் போர்வையோடுதான் பேசினேன். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன், பிரியாணிகூடச் சாப்பிடுகிறேன் என்று என் சரக்கையெல்லாம் இறக்கினேன். எல்லாம் முடிந்த பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அதற்குப் பதில் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. நான் வெளியே வந்து ஆம்பூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா வரைக்கும் கோபம் ஆறவில்லை. பள்ளிகொண்டா தாண்டிய பிறகு, அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லையே என்று தோன்ற, கோபத்தைவிட அது ஜாஸ்தியாகக் குத்தியது. அவன் சொன்னது இதுதான்: "ஒங்களுக்கு இன்னாக்கா. பொழச்சிக்கினீங்க, பேசுறீங்க."

பக்கத்துக் கட்டில்

முருகேசனுக்கு அடுத்த கட்டிலில் பஷீர் பாய். டேனரியில் பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே ஆபரேஷன். அவருக்குக் கத்திக்குப் பயமில்லை, சாவுக்கும் பயமில்லை. "எந்நேரமும் அசுத்தத்த வயித்துல கட்டிக்கினு நான் எப்படிம்மா தொழுகைக்கு நிப்பேன்?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இதற்குப் பதில் தெரியாது. தெரிந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் சொன்னால் அது பாய்க்குப் பதிலாகுமா? "உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தையே கூட்டிட்டு வரச் சொல்லுங்க பாய், அவர்கிட்டயே கேட்போம்" என்றேன்.

பாயின் மகன் ஆம்பூரிலிருந்து ஹஜ்ரத்தை அழைத்து வந்தான். அவர் பாயிடம் பேசுவதற்கு முன் என்னிடம்தான் கேட்டார். எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியுமா? அடக்க முடியுமா? கழுவிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கமாகத்தான் இருந்தது. சொன்னேன். தெரியாது, அடக்க முடியாது, அடக்குகிற தசையே அங்கே கிடையாது என்றேன். தாடியைத் தடவிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கையில இல்லாத ஒண்ணுக்கு அவன் உங்ககிட்ட கணக்கு கேக்க மாட்டான் பாய். ஒவ்வொரு தொழுகைக்கும் கை கால் கழுவி ஒளு செஞ்சிக்கிட்டு நில்லுங்க. படுத்த படுக்கையா கெடக்கிறவனுக்கே தொழ வழி வச்சிருக்கிறான். நிக்கிறதுக்கு உங்களுக்கு இன்னா தடை?" என்றார்.

பாய் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழட்டும் என்று விட்டோம். நான் கிளம்பத் திரும்பும்போது பக்கத்துக் கட்டிலில் போர்வை விலகியிருந்தது. முருகேசனின் முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். வாயைத் திறந்து ஒரே வார்த்தை கேட்டான்: "லெஃப்ட்டாக்கா?"

பிரியாத பசை

சரியாகச் சொன்ன ஒருவனுக்கு நான் என்ன பரிசு கொடுக்க முடியும்? இருவருக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பையை எப்படிக் கழற்றுவது, தோலை எப்படித் துடைத்துக் காயவைத்துப் புதிதை ஒட்டுவது என்று நர்ஸ் ஜெயந்தி சொல்லிக் கொடுத்தார். முருகேசன் கவனமாகக் கேட்டான். முதல் கீமோவும் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான். எல்லாம் சரியாகப் போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகப்பட்ட மாதிரியே ஆயிற்று.

ஷூவின் அடியை மேல்தோலோடு ஒட்டுகிற பசைக்கு எங்கள் பக்கத்தில் சொல்யூஷன் என்று பெயர். கடுமையான கெமிக்கல். திறந்தாலே தலை சுற்றும். கோடை வியர்வையில் முருகேசனின் பை ஓரத்தில் பிரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் ஆலங்காயம் சந்தையில் நாலு பேர் நடுவில் கசிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், எனக்காவது போட்டிருக்கலாம். கம்பெனி தோஸ்த் ஒருவனிடம் சொல்லி ஒரு டப்பா சொல்யூஷன் வரவழைத்து, வயிற்றில் தடவி, பையை ஒட்டி, கம்பெனியில் ஷூவை அழுத்துகிற மாதிரி உள்ளங்கையால் அழுத்தியும் இருக்கிறான். எரிச்சல் தாங்காமல் போனதும், பசையைக் கரைக்கிற தின்னரை ஊற்றிப் பிரிக்கப் பார்த்திருக்கிறான். பையோடு தோலும் வந்துவிட்டது.

குரலை உயர்த்தியே அறியாத ஜெயந்தி அன்று வார்டு அதிரக் கத்தினார். புண்ணை நானும் பார்த்தேன். என் வயிற்றிலேயே எரிகிற மாதிரி இருந்தது. இந்தப் புண் ஆறும் வரை கீமோ கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் தள்ளினால் நோய்க்குத்தானே லாபம்? 'உனக்கு மூளை இருக்கா?' என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். நோயாளியிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்பதும் பயிற்சியில் உண்டு. முருகேசன் நிஜமாகவே புரியாமல் எங்களைப் பார்த்தான். "வெளிநாட்டுக்காரன் பனியில நடந்தாக்கூடப் பிரியாதுக்கா இது. எனக்கு ஒத்துக்காதுன்னு யாரு கண்டா?"

மாட்டுக் கொட்டாய்

புண் ஆறியது. முருகேசன் வரவில்லை. கீமோவுக்கு நாள் குறித்துக் கொடுத்தும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நானே கிளம்பினேன். வாணியம்பாடியில் பஸ் மாறி, ஆலங்காயம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மாட்டுக் கொட்டாயில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பசு. சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. குழந்தையைக் கிட்டே விடுவதில்லையாம். வசந்தி தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

"நாத்தம்க்கா" என்றான். "சந்தையில அன்னிக்கி எல்லாரும் நகந்து நின்னானுங்க. நாளைக்கு எம் பொண்ணும் நகந்து நிப்பா. மருந்து ஏத்திக்கினு இன்னா ஆவப்போவுது? போதும்." நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். மாட்டு வாசனைதான் வந்தது. சொன்னேன், நம்பவில்லை. மீதியிருந்த கீமோவை விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயிர் பிழைக்க வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கிற உரிமையும் எனக்கில்லை. அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் காணாமல் போனவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அதுவரை கொட்டாய் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த வசந்தி உள்ளே வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள். கட்டிலில், அவனை ஒட்டி, பை இருக்கிற இடது பக்கமாகவே உட்கார்ந்தாள். அவன் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். கட்டில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவனுக்கு நகர இடமில்லை. அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் பேச்சு எனக்கில்லை என்று பசுவுக்குக்கூடப் புரிந்திருக்கும். "எங்கப்பா டேனரியில சுண்ணாம்புக் குழியில எறங்கி வேலை செஞ்சவருக்கா. அந்த நாத்தத்தோட வந்துதான் சோறு துன்னுவாரு, அந்த நாத்தத்தோடதான் எங்கள மேல போட்டுக்கினு தூங்க வைப்பாரு. எங்கம்மா ஒரு நாளு மூக்க மூடிப் பாத்ததில்ல. நான் அவங்க பொண்ணுன்னு தெரிஞ்சிதான இவரு என்னக் கட்டிக்கினாரு?"

பிரிக்காத பைகள்

அடுத்த வாரம் கீமோ வார்டில் ஜன்னலோரம் முருகேசன் உட்கார்ந்திருந்தான். கையில் ஊசி, பக்கத்தில் வசந்தி. நான் எதுவும் பேசாமல் தாண்டிப் போனேன். இந்த வேலையில் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் வருஷங்கள் ஆகின்றன. அவன் ஒவ்வொரு கீமோவாக வந்து முடித்தான்.

பஷீர் பாய் முடிக்கவில்லை. நோய் ஈரலுக்குப் போய்விட்டது. கடைசியாக நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். 'நோயாளிகளுக்கு முன்னால் அழுதுவிடாதீர்கள்' என்று பயிற்சியில் சொல்வார்கள். எனவே அவர் வீட்டுத் தெரு முனையில் ஒரு வண்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆரஞ்சுப் பழக்காரர்களை இனிமேல் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் போன பிறகு, அவருடைய மனைவி பிரிக்காத பைகளை ஒரு துணிப்பையில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். எங்கள் உலகத்தில் அது ஒரு வழக்கம். பிரிக்காத பை யாருக்காவது உதவும். மிச்சமிருக்கிற பைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. 'பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அந்தத் தம்பிக்குக் குடும்மா' என்றார். முருகேசனுக்கு போன் செய்தேன். வந்தான். துணிப்பையை மடியில் வைத்துப் பிரித்தான். உள்ளே ஒரு பழைய அத்தர் வாசனை. பிறகு நிமிர்ந்து, "பாயோட பைய நான் சும்மா வாங்கிக்க மாட்டேன்க்கா. எனக்கும் கழுத்துல மாட்டுற அட்டை ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றான்.

முதல் நாள்

பயிற்சி முடிந்து முருகேசனை முதன்முதலாக ஒரு நோயாளியிடம் அழைத்துப் போனேன். குடியாத்தத்துக்காரர், லுங்கி தறி ஓட்டுகிறவர். மெதுவாகப் பேச வேண்டும், முதலில் அவரைப் பேசவிட வேண்டும், நம் கதையைக் கொட்டக் கூடாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். தலையாட்டிக்கொண்டு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, இன்னா வேணா பண்ணுங்க, சொல்யூஷன் மட்டும் போட்டுடாதீங்க" என்று ஆரம்பித்து, தின்னர் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த மனிதர் வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசாதவர். எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பினார். முருகேசனின் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "தோலெல்லாம் போயும் உசுரோட நிக்கிறியேப்பா. குந்து. இன்னும் சொல்லு."

என் கட்டில்

வருஷாவருஷம் எடுக்கிற ஸ்கேனில் இந்த முறை என் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி என்றுதான் டாக்டர் சொன்னார். பாய்க்கும் முதலில் புள்ளி என்றுதான் சொன்னார்கள். திரும்பவும் ஆபரேஷன், திரும்பவும் கீமோ. எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்ற அதே வார்டில், எனக்கே ஒரு கட்டில். நின்று பார்க்கும்போது தெரியவில்லை, படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அங்கே கூரையில் காரை பெயர்ந்திருக்கிறது. 'மென்டர் யாரையும் என்கிட்ட அனுப்பாதீங்க' என்று ஜெயந்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் வித்தையை என்னிடமே காட்டுவார்களா? என்னைப் பார்த்துத் தைரியம் கொண்டவர்களெல்லாம் இனி எதைப் பார்த்துத் தைரியம் கொள்வார்கள் என்று வேறு நினைப்பு. பயமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சாகப் பயமாக இருந்தது. கம்பளிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்குள் இருட்டாக, சௌகரியமாகத்தான் இருக்கிறது. முருகேசன் அன்று ஏன் வெளியே வரவில்லை என்று புரிந்தது.

ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் போர்வைக்குள்ளிருந்தே, "யாரு?" என்றேன். "முருகேசன்க்கா" என்றான். எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் அன்று என்னிடம் சொன்னதையே, என் வாய் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது: "உனக்கு இன்னா. பொழச்சிக்கின, பேசுற."

அன்று அவன் இதைச் சொன்னதும் நான் பஸ் ஏறிவிட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். போர்வையின் மேல், என் தோள் இருக்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்தான். ஒட்டுகிற செக்‌ஷன் கை, கனமாக இருந்தது. இத்தனை வருஷம் எனக்குக் கிடைக்காத பதிலை அவன் சாதாரணமாகச் சொன்னான்: "ஆமாக்கா. பொழச்சிக்கினேன். அதான் வந்துக்கிறேன்."

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கிற ஒரே தகுதி உயிரோடு இருப்பதுதான் என்பதால், இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேரும் வேலையில் இருக்கிறோம்.